பாலர் கால்பந்தும் தலைக்காயமும்

பத்து வயதும் அதற்குக் குறைந்த பிராயமும் உள்ள குழந்தைகள் கால்பந்தைத் தலையால் முட்டலாகாது என்று அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் 2015-ஆம் ஆண்டில் விதித்தபோது, ஆட்டத்தின் ஜீவனே போயிற்று என்று அங்கலாய்த்தவர் பலர். அவ்விதி சம்மேளனத்தாருக்குத் தாமாக உதித்த கருணையினால் வந்ததன்று. முந்திய ஆண்டில் கலிபோர்னியா நீதிமன்றத்தில் பெற்றோர் சிலர் தொடுத்த வழக்கு சமரசமானபோது பிறந்தது. எப்படிப் பிறந்தாலும் அது உத்தமமான விதி என்பதே என் துணிபு.

வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் அணியின் முன்கள வீரராக விளங்கி, உயர வரும் பந்தைத் தலையால் முட்டிக் கோலடிப்பதில் பெரும்பெயர் பெற்ற ஜெஃப் ஆஸ்டில் 2002-இல் தமது 59-ஆம் வயதில் மூளை நலிந்து மாண்டபோது, மரண விசாரணை அதிகாரி அதைத் தொழிலால் நேர்ந்த வியாதி என்றே தீர்மானித்தார். பின்னர், 2019-இல், கிளாஸ்கோ சர்வகலாசாலையார் ஸ்காட்லாந்தின் பழைய தொழில்முறை ஆட்டக்காரர் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோரின் மரண விவரங்களை ஆராய்ந்து, மூளைச் சிதைவு நோய்களால் மாள்வது அவர்களிடையே ஏனையோரைவிட ஏறக்குறைய மூன்றரை மடங்கு என்று கண்டனர். எட்டு வயதுப் பையன் எப்போதோ நாலு முறை பந்தை முட்டுவதால் அக்கதி நேரும் என்று இதைக்கொண்டு சொல்லிவிட முடியாது. ஆனால் உடலின் அளவுக்குத் தலை பெரிதாகவும் கழுத்துத் தசை பலமற்றும் இருக்கும் அப்பருவத்தில், பயிற்சி என்ற பெயரால் அதே முட்டலைத் திரும்பத் திரும்பச் செய்விப்பதால் குழந்தை அடையும் லாபந்தான் என்ன? 2020-இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் ஆரம்பப் பள்ளிப் பிராயத்தாரின் பயிற்சியிலிருந்து தலைமுட்டை விலக்கியது அதனாலேயே.

எனினும் பந்தை மாத்திரம் விலக்கினால் அபாயம் விலகிவிடாது. தலையோடு தலை மோதுவதும், முழங்கை கன்னப்பொறியில் படுவதும், கோல் கம்பத்தில் இடித்துக்கொள்வதும் தலைமுட்டு அற்ற ஆட்டத்திலும் உண்டு. அவ்வாறு அடிபட்டவர்களில் நினைவு தப்புவோர் பத்தில் ஒருவருக்கும் குறைவே. மற்றவன் எழுந்து நின்று, தலையைத் தடவிக்கொண்டு, "ஒன்றுமில்லை, சார்" என்கிறான். சற்று நேரத்தில் கடைசிக் கோலைப் போட்டது யார் என்று கேட்கிறான். விடை சொன்ன பிறகும் அதையே மீண்டும் கேட்கிறான். காயம்பட்ட அவயவமே காயத்தைப் பற்றிச் சாட்சியும் சொல்லவேண்டிய இந்நிலையில், குழந்தையின் வாய்மொழியை நம்பி அவனை ஆடவிடுவது அநியாயம். சந்தேகம் தோன்றினாலே வெளியே உட்கார வைக்கவேண்டும், அன்றைக்கு மறுபடி ஆடவிடலாகாது, 21 நாட்களுக்கு முன்னர்ப் போட்டியில் இறக்கலாகாது என்று பிரிட்டிஷ் அரசாங்கம் 2023-இல் வெளியிட்ட நெறிமுறைகள் அவனுடைய வார்த்தைக்காகக் காத்திராதது நியாயமே.

அந்த 21 நாட்களுக்குள் இறுதிப் போட்டி வந்துவிட்டால், பயிற்சியாளரின் மனமும் கோட்டோரம் நின்று கூவும் தகப்பனாரின் மனமும் எப்பக்கம் சாயும் என்று சொல்லவேண்டுவதில்லை. அவர்கள் கொடியவர்கள் அல்லர், ஆனால் ஜெயத்தில் ஆசை உள்ளவர்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தார் இதை உணர்ந்து, மூளை அதிர்ச்சி அடைந்ததாகச் சந்தேகிக்கப்படும் சிறுவனை உடனே வெளியேற்றவேண்டும் என்றும், உரிமம் பெற்ற வைத்தியத் துறையினர் ஒருவர் எழுத்து மூலம் அனுமதிக்கும்வரை மீண்டும் ஆடவிடலாகாது என்றும் 2009-இல் சட்டமே இயற்றினர். அறிவுரை எத்தனை அச்சிட்டு வழங்கினாலும், அடிபட்ட சிறுவனை மீண்டும் ஆடவிடும் இந்த ஒரு அதிகாரத்தைப் பயிற்சியாளரின் கையிலிருந்து எடுத்துவிடாத எந்த ஏற்பாடும் குழந்தைகளின் ஆட்டத்துக்குப் போதாது என்றே நான் வற்புறுத்துவேன்.