காயம் தேடும் கேள்விகள்

வீட்டு வன்முறை என்றதும் நமக்கெல்லாம் மனதில் வருவது வீங்கிய கன்னமும் உடைந்த வளையலும்தான். முறைப்பாடு எழுதும் உத்தியோகத்தருக்கும் அதுவேதான் வருகிறது. நான் அறிந்த ஓர் உம்மா, பல மாத யோசனைக்குப் பிறகு பொலிஸ் நிலையம் ஒன்றுக்குப் போனார். (அவரது சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன், ஊரையும் பெயரையும் தவிர்த்து விடுகிறேன்.) அங்கே கேட்கப்பட்ட முதல் கேள்வி, "அடிச்சாரா?" அடுத்த கேள்வி, "காயம் இருக்கா?" இரண்டுக்கும் இல்லை என்றுதான் அவரால் சொல்ல முடிந்தது. உடனே கணவரை வரவழைத்தார்கள். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, "புள்ளைகளுக்காகச் சமாதானமாப் போங்க" என்று அனுப்பி விட்டார்கள். முறைப்பாடு செய்தது யார் என்று தெரிந்து கொண்ட கணவருடன் அன்றிரவு அதே வீட்டில்தான் அவர் படுக்க வேண்டும் என்பதை அந்த மேசையில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

கணவர் அடிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் கொடுத்த காசுக்குத் தீப்பெட்டி வரை கணக்குக் கேட்பார். கைபேசியின் பாஸ்வேர்ட் அவரிடம்தான் இருக்கும். யார் கோல் எடுத்தார்கள் என்று இரவில் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். மனைவி தன் தாய் வீட்டுக்குப் போனால் இரண்டு நாள் பேச மாட்டார்; மூன்றாம் நாள் பேசுகின்ற பேச்சை விட அந்த மௌனமே பரவாயில்லை. பிறகு அவர் தாய் வீட்டுக்குப் போவதையே விட்டு விட்டார். இவற்றில் எதைத் தனியாக எடுத்துச் சொன்னாலும், "இதெல்லாம் ஒரு பிரச்சினையா?" என்றுதான் கேட்பார்கள். சேர்த்துப் பார்த்தால் அது ஒரு சிறை.

எனக்கு மிகவும் வேதனை தந்தது மூத்த மகனின் நிலைதான். ஒன்பது வயது. வாப்பா மாலையில் வீட்டுக்கு வந்ததும் அவனை மடியில் இருத்திக் கேட்பார்: "இன்டைக்கு உம்மா எங்க போன? யாரோட பேசின?" உண்மையைச் சொன்னால் உம்மாவுக்கு ஏச்சு விழும். பொய் சொன்னால் பிடிபட்டு விடுவோமோ என்ற பயம். புலமைப்பரிசில் பரீட்சையைக்கூட ஒரு பிள்ளை ஒரே ஒரு முறைதான் எழுதுகிறது. இவன் தினமும் எழுதினான். இந்தப் பிள்ளையை யாரும் தொடவில்லை, அதனால் இவன் பாதிக்கப்படவில்லை என்று எந்தப் புத்தகத்தை வைத்துச் சொல்வது?

இப்படிப் பணத்தாலும் கண்காணிப்பாலும் தனிமைப்படுத்தலாலும் ஒருவரை அடக்கி வைப்பதைக் கட்டாயக் கட்டுப்பாடு என்று சொல்லலாம். அமெரிக்க ஆய்வாளர் எவன் ஸ்டார்க் 2007 இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். பிரித்தானியாவில் எம்மா காட்ஸ் என்பவர் தாய்மாரிடமும் பிள்ளைகளிடமும் நேரில் பேசி ஆராய்ந்தார். உம்மம்மா வீட்டுக்குப் போக முடியாமை, கூட்டாளிகளை வீட்டுக்கு அழைக்க முடியாமை, உம்மாவுடன் நிம்மதியாக விளையாட முடியாமை என்று அடி விழாத நாட்களிலும் பிள்ளைகள் இழப்பவற்றை அவர் எடுத்துக் காட்டினார். இங்கிலாந்தில் 2015 முதல் இது தண்டனைக்குரிய குற்றம். 2021 ஆம் ஆண்டுச் சட்டமோ, வீட்டு வன்முறையைக் கண்டும் கேட்டும் வளரும் பிள்ளையையும் பாதிக்கப்பட்டவராகவே ஏற்றுக் கொண்டது. பக்கத்தில் நின்ற சாட்சியாக மட்டும் பார்க்கவில்லை.

நம் நாட்டில் சட்டம் இல்லை என்று நினைக்க வேண்டாம். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உடல் காயத்தோடு நின்று விடவில்லை. தொடர்ச்சியாகக் கொடூரமாகவும் இழிவுபடுத்தும் விதமாகவும் நடந்து கொள்வதை உளரீதியான துன்புறுத்தல் என்று அது சொல்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் 12 மாதம் வரைக்கும் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பாதிக்கப்பட்டவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரே விண்ணப்பிக்கவும் முடியும். முஸ்லிம் விவாகச் சட்டத்தின் கீழ் திருமணம் செய்தவர்களுக்கும் இது பொருந்தும். காதி நீதிமன்றம் மட்டுமே நமக்குரிய கதவு என்று பலர் எண்ணுவது தவறு.

'தொடர்ச்சியாக' என்று சட்டம் சொல்கிறது. முறைப்பாட்டுப் புத்தகத்திலோ ஒரு திகதி, ஒரு நேரம், ஒரு சம்பவம்தான் கேட்கிறார்கள். "ஆறு வருடமாக" என்ற பதிலை எழுத அதில் இடமில்லை. "வீட்டில் எதைச் செய்யப் பயப்படுகிறீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்டிருந்தால் அந்த உம்மா ஒரு மணி நேரம் பேசியிருப்பார்.

பொலிஸை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. பள்ளிவாசலுக்குப் போனாலும் உறவினர் கூடினாலும் 'சபுர்' என்ற சொல் எப்போதும் ஒரு பக்கம் பார்த்தே சொல்லப்படுகிறது. கட்டுப்படுத்துபவரைப் பார்த்து, "நீங்கள் கொஞ்சம் சபுர் செய்யுங்கள், கைபேசியைத் திருப்பிக் கொடுங்கள்" என்று சொன்ன ஒருவரையும் நான் கேள்விப்பட்டதில்லை. வீட்டுக்குள் வருகின்ற ஒரே உத்தியோகத்தர் மிட்வைஃப் மிஸ்தான். அவரும் மாமியார் முன்னால்தான், "எல்லாம் சுகமா?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. சில அரச வைத்தியசாலைகளில் 'மிதுரு பியச', தமிழில் 'நட்பு நிலையம்', என்று தனியிடம் இருக்கிறது. மருந்தெடுக்க வந்தது போல வந்து பேசி விட்டுப் போகலாம் என்பதால் எனக்கு அது மிகவும் பிடித்த ஏற்பாடு.

இனிப் பாடசாலை. குடிசன மதிப்பீட்டு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 ஆய்வின்படி, துணைவருடன் வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அவரால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளானவர். அந்த வீட்டுப் பிள்ளைகள் வேறு நாட்டில் படிக்கவில்லை. இங்கிலாந்தின் பிளிமத் நகரில் 2011 இல் ஒரு பாடசாலை அதிபரும் பொலிஸில் இருந்த அவரது கணவரும் ஓர் எளிய வழியைத் தொடங்கினார்கள். இரவில் ஒரு வீட்டுக்குப் பொலிஸ் போக நேர்ந்தால், மறுநாள் பாடசாலை தொடங்குமுன் அந்தப் பிள்ளையின் பாடசாலைக்குத் தகவல் வந்து விடும். அன்று வீட்டுவேலை செய்யாமல் வந்த பிள்ளையை எழுப்பி நிறுத்த மாட்டார்கள். யாரும் துருவிக் கேட்கவும் மாட்டார்கள்.

இங்கே அப்படித் தகவல் வந்தால் என்ன ஆகும் என்று எண்ணும்போது, உண்மையில் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஒரு பிள்ளை ஓர் ஆசிரியையிடம் அழுது சொன்னது இடைவேளைக்குள் ஓய்வறை முழுக்கப் பரவி விடுகிறது. அதைவிட ஆபத்தானது, நல்லெண்ணத்துடன் வாப்பாவை அழைத்து, "உங்கள் மகள் இப்படிச் சொல்கிறாள், கொஞ்சம் கவனியுங்கள்" என்பது. அந்தப் பொலிஸ் மேசையில் நடந்ததும் இதுவேதான். ஆகவே பிள்ளை சொன்னதை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது என்பதை ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்றுவிக்க வேண்டும். "உன் வாப்பா அறியாமல் இதை வைத்திருப்பேன், ஆனால் உன் பாதுகாப்புக்காக இன்னாரிடம் சொல்வேன்" என்று பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடவும் வேண்டும்.

வீட்டு விடயம் வெளியே போனால் மானம் போகும் என்று பெற்றோர் சிலர் இதைப் படித்துக் கோபப்படலாம். அந்த மானத்தை இப்போது சுமந்து கொண்டிருப்பது ஒன்பது வயதுப் பிள்ளை.

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் நமது அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. நல்லது. ஆனால் ஒவ்வொரு இரவும் கோல் பட்டியல் பரிசோதிக்கப்படும் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை அந்த இலக்கத்தை எப்படி அழைக்கும்? பாடசாலையில் கதவு மூடக்கூடிய ஓர் அறையில், காரணம் கேட்காமல் மாணவியர் பாவிக்கத்தக்க ஒரு தொலைபேசி வேண்டும். அடுத்த மாணவர் பாராளுமன்ற அமர்வில் இதைப் பிரேரணையாகக் கொண்டு வர நானும் என் வகுப்புத் தோழியர் மூவரும் கையெழுத்திட்டிருக்கிறோம்.