குளத்துக்கு முதலில் வேலி, பிறகு விளக்கு

நீச்சல் குளத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கக் கூடும். குமாஸ்தாவும் தொழிலாளியும் குடும்பம் நடத்தும் வீட்டில் குளிக்கத் தண்ணீர் கிடைப்பதே பெரும்பாடு. நீந்துவதற்குக் குளமா என்று சிரிக்கவும் கூடும். ஆனால் பெங்களூரின் நிலை மாறிவிட்டது. ஒரு காலத்தில் பெரிய ஓட்டல்களிலும் கிளப்புகளிலும் காணப்பட்ட நீச்சல் குளம், இன்று நடுத்தர வருமானத்தார் கடன் வாங்கிக் குடியேறும் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கும் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன், ஊருக்கு வெளியே மனை வாங்கி, கொல்லைப்புறத்தில் ஒரு சிறு குளம் வேண்டும் என்கிறான். பராமரிப்புச் செலவு நம் குடும்பத்தின் தலையில்; குளத்தில் இறங்கப் போவது நம் பேரக் குழந்தைகள். ஆகவே அதற்கு எதை வாங்குவது, எதை விடுவது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

காண்டிராக்டர் கொண்டுவரும் பட்டியலைப் பாருங்கள். வண்ண விளக்கு, செயற்கை அருவி, சறுக்கு மரம், குமிழி வரும் தொட்டி என்று முதல் பக்கம் ஜொலிக்கும். பம்பும் வடிகட்டியும் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியில் முடிந்துவிடும். வேலி அதில் இருக்கவே இருக்காது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே நம் கட்சி.

முதலில் உயிர்க் காப்பு. தவழும் குழந்தை தண்ணீரில் விழுந்தால் கூச்சல் போடாது. ஓரிரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். குளத்தின் நான்கு பக்கமும் நாலடி உயரத்துக்குக் குறையாத வேலி, தானே சாத்திக்கொள்ளும் கதவு, குழந்தையின் கைக்கு எட்டாத தாழ்ப்பாள் ஆகியவை முதல் செலவாக இருக்க வேண்டும். வீட்டுச் சுவரையே ஒரு பக்கத்து வேலியாக எண்ணிவிடக் கூடாது. வீட்டுக் கதவு திறந்தால் குழந்தை நேரே குளத்தில்தான் நிற்கும்.

அடுத்தது மின்சாரம். 2023 டிசம்பரில் பெங்களூரிலேயே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தில் ஒரு சிறுமி உயிரிழந்தாள். மின்சாரம் தாக்கியதே காரணம் என்று போலீசார் பின்னர் பலரைக் கைது செய்தார்கள். மின்கசிவு ஏற்பட்ட கணமே இணைப்பைத் துண்டிக்கும் கருவி ஒன்று உண்டு. எலெக்ட்ரீஷியன்கள் ஈ.எல்.சி.பி. என்றோ ஆர்.சி.சி.பி. என்றோ சொல்வார்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் கருவியாக இருக்க வேண்டும். தண்ணீருக்குள் விளக்கு வேண்டுமானால் அது 12 வோல்ட் விளக்காக இருக்கட்டும்.

மூன்றாவது, அடித்தளத்தில் இருக்கும் வடிகால் துளை. அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டில் முன்னாள் வெளியுறவு மந்திரி ஜேம்ஸ் பேக்கரின் 7 வயதுப் பேத்தி, தொட்டியின் துளை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டதால் மூழ்கி இறந்தாள். அந்தக் குழந்தையின் பெயரால் 2007இல் அங்கே ஒரு சட்டமே வந்தது. உடல் ஒட்டிக்கொள்ளாதபடி வளைந்த மூடியும், ஒரே பம்புக்கு மூன்றடிக்கு மேல் விலகியிருக்கும் இரண்டு துளைகளும் இருந்தால் இந்த ஆபத்து பெருமளவு நீங்கும். மூடியின் விலை அற்பம். ஆனால் இரண்டாவது துளையைக் கான்கிரீட் போட்ட பிறகு வைப்பது எளிதல்ல.

இனித் தண்ணீர்க் கணக்கு. 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம் என்றால் 60,000 லிட்டர். அதாவது 12,000 லிட்டர் லாரி ஐந்து. காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, ஆயிரம் அடிக்கும் மேல் ஏற்றப்பட்டு இந்த நகருக்கு வருகிறது. 2024 மார்ச்சில் ஏற்பட்ட பஞ்சத்தின்போது, குடிநீரை நீச்சல் குளத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவிட்டதை நாம் மறந்துவிடலாகாது. வெயில் காலத்தில் நாளுக்கு அரை சென்டிமீட்டர் ஆவியானாலும் 250 லிட்டர் போய்விடும். அருவியும் நீரூற்றும் வைத்தால் இன்னும் கூடும். குளத்தை மூடிவைக்க ஒரு விரிப்பு வாங்கினால் இந்த இழப்பு வெகுவாகக் குறையும். மணல் வடிகட்டி உறுதியானது, பராமரிக்க எளிது. ஆனால் அதைக் கழுவும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் வீணாகும். சிறு குளத்துக்குக் கழற்றிக் கழுவும் கார்ட்ரிட்ஜ் வடிகட்டி சிக்கனமானது.

பம்பு விஷயத்தில் பெரிதே நல்லது என்ற எண்ணம் தவறு. குளத்துத் தண்ணீர் முழுவதும் ஆறு மணி நேரத்தில் ஒரு முறை வடிகட்டி வழியே சுற்றி வந்தால் போதும். நம் கணக்குக் குளத்துக்கு மணிக்கு 10,000 லிட்டர் இழுக்கும் பம்பு அது. அதற்கு மேல் வாங்குவது வடிகட்டிக்கும் கேடு, மின்கட்டணத்துக்கும் கேடு. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பம்பு சற்று விலை அதிகம். ஆனால் வேகத்தைப் பாதியாக்கி இரு மடங்கு நேரம் ஓட்டினால், அதே தண்ணீரைச் சுற்றிவிட ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மின்சாரமே ஆகும்.

இவ்வளவும் பார்த்தால் அழகு எங்கே, மகிழ்ச்சி எங்கே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வெறும் சிமெண்டுத் தொட்டியில் குழந்தைகள் குதூகலிக்க மாட்டார்கள். ஆனால் விளக்கையும் அருவியையும் போனஸ் வந்த பிறகும் வைத்துக்கொள்ளலாம். அவற்றுக்கான குழாயை மட்டும் இப்போதே பதித்துவிட்டால் போதும். குழாயின் அளவு, வடிகால், ஆழம் ஆகியவற்றைப் பிறகு மாற்ற வேண்டுமானால் தரையை உடைக்க வேண்டும். பிற்பாடு சேர்க்கக் கூடியதைப் பிற்பாடு சேர்ப்பதே குடும்பஸ்தனின் புத்தி.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் குளத்தைச் சுத்தம் செய்பவரும் ஒரு தொழிலாளியே. பம்பு அறை அவர் நிமிர்ந்து நிற்கும்படி, காற்று வரும்படி இருக்கட்டும். குளோரினையும் அமிலத்தையும் ஒரே அலமாரியில் வைத்தால், இரண்டும் கலந்து நச்சு வாயு கிளம்பும். தனித்தனி இடம் ஒதுக்குவது கட்டாயம். கையுறை, கண்ணாடி, அவர் படிக்கும் மொழியில் எழுதிய ஒரு அட்டை இவையும் பட்டியலில் சேரட்டும்.

ஆகவே சங்கக் கூட்டம் நடக்கும்போது பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டாம். வேலி எங்கே, மின்கசிவுக் கருவி எங்கே, வடிகால் மூடி எப்படிப்பட்டது, தண்ணீர் எங்கிருந்து வரும் என்று நான்கே கேள்வி கேளுங்கள். மகன் வீட்டுக் குளத்துக்கும் இதே நான்கு கேள்விதான். இவற்றுக்குப் பதில் வராத பட்டியலில் கையெழுத்துப் போடாதீர்கள்.