அவள் முதுகு முதுகல்லவா?

தறி நின்று போனபோதும், புருஷன் விட்டு ஓடினபோதும், கடன்காரன் வாசலில் நின்றபோதும், வேறு வழியின்றி உடலை விற்றுக் கஞ்சி குடிக்கும் பெண்கள் சேலம், நாமக்கல் பக்கத்து ஊர்களில் இருக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாத ரகசியமல்ல. பகலில் அவர்களைக் கண்டு முகம் சுளிக்கிற கனவான்களில் சிலர் இரவில் அவர்கள் வாசலைத் தேடுகிறவர்களே. அது நிற்க.

நாம் இன்று பேச வந்தது அவள் வீட்டிலேயே இருக்கிற ஆண்பிள்ளையைப் பற்றி. அவன் தாலி கட்டினவனாக இருக்கலாம், கட்டாதவனாகவும் இருக்கலாம். அவள் காசில் சாப்பிடுகிறான். அந்தக் காசிலேயே குடிக்கிறான். குடித்துவிட்டு, "நீ இன்னவள்தானே" என்று அவளையே அடிக்கிறான். காசு குறைந்தால் அடி. கூடினால் சந்தேகத்துக்கு அடி. காசுக்குத் தீட்டில்லை, அவள் உடம்புக்கு மட்டும் தீட்டாம்! இது எந்த ஊர் நியாயம்?

அடி உடம்போடு நிற்பதில்லை. 1986-ல் சென்னையில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதல் கண்டறியப்பட்டது இத்தொழிலில் இருந்த பெண்களிடத்தில்தான். பின்னர் லாரித் தொழில் பெருத்த நாமக்கல்லும் அந்நோய்க்குப் பேர் பெற்றது. பழியோ பெண் தலையில்! வந்து போகிறவனிடம் ஆணுறை கேட்கத் துணிகிறவள் வீட்டிலிருப்பவனிடம் கேட்டால், "என்னையா சந்தேகிக்கிறாய்?" என்று உதைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் நோய்க்கு ஜவாப்தாரி யார்?

சட்டம் இல்லையா என்பீர்கள். 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், கலியாணம் போன்ற உறவில் வாழ்கிறவளையும் காக்கிறது. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், வெறும் 'வைப்பு' அதில் சேரமாட்டாள் என்று சுப்ரீம் கோர்ட்டு 21-10-2010-ல் சொல்லிவிட்டது. பெண்ணுக்கு 'வைப்பு' என்று பேர் இருக்கிறது. அவள் சம்பாத்தியத்தில் உண்கிறவனுக்கு அப்படி ஒரு பேர் உண்டா? கற்பைப் பெண்ணுக்கு மட்டும் விதித்தது பற்றிப் பெரியார் கேட்ட கேள்வி இன்னும் பதிலின்றியே நிற்கிறது.

ஆனால் மனைவியானால் என்ன, வைப்பானால் என்ன, அடிப்பது தண்டனைச் சட்டப்படி குற்றமே. அன்றியும் அதே கோர்ட்டு 19-5-2022-ல், போலீசார் இப்பெண்களைக் கண்ணியமாக நடத்த வேண்டும், வாயாலும் கையாலும் துன்புறுத்தக் கூடாது, ஆணுறையைக் குற்றத்துக்குச் சாட்சியாக்கக் கூடாது என்று உத்தரவிட்டிருக்கிறது. இது எத்தனை பெண்களுக்குத் தெரியும்?

தோழர்களே! 1944-ல் திராவிடர் கழகம் என்று பேர் சூட்டியது இந்தச் சேலத்தில்தான். நம்மிலும், பக்கத்து வீட்டில் அலறல் கேட்டால், "அவள் அப்படிப்பட்டவள்" என்று கதவைச் சாத்துகிறவர்கள் உண்டு. மேடையில் பெண் விடுதலை பேசிவிட்டு வீட்டில் கதவைச் சாத்துவது என்ன யோக்கியதை?

இனி அலறல் கேட்டால் நாலு பேராகப் போய்க் கதவைத் தட்டுங்கள். 181-க்குப் போன் செய்யுங்கள். அவள் விரும்பினால் ஸ்டேஷனுக்குக் கூடப் போய், மனுவுக்கு ரசீது வாங்கும் வரையில் உட்காருங்கள். அவள் யார், என்ன தொழில் என்ற விசாரணை நமக்கு வேண்டாம். அடி நிற்க வேண்டும், அவ்வளவுதான் என்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.