மழை விட்டாச்சு... சைக்கிளை எடுக்கலாமா?

வடகிழக்குப் பருவமழை முடிந்து தை வெயில் அடித்ததும், நெல்லை சைக்கிள்காரர்களின் கண் மாஞ்சோலை மேல் போகும். அங்கே போக வனத்துறை அனுமதி வேண்டும் என்பது இருக்கட்டும். முதலில் உங்கள் முழங்கால் அனுமதிக்க வேண்டுமே!

1984-ல் அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் காயில் குழு, கடும் பயிற்சியில் இருந்த 7 பேரை ஓய்வெடுக்கச் சொல்லிச் சோதித்தது. மூன்றே வாரத்தில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் 7 சதவிகிதம் சரிந்தது; 12 வாரத்தில் 16. உடலில் ரத்த அளவும் குறைவதால், பழைய வேகத்துக்கே இதயம் கூடுதலாகத் துடிக்கும். மூச்சு சீக்கிரம் பழகிவிடும். தசைநாண்களுக்கு அந்த வேகம் கிடையாது. பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

முதல் மூன்று வாரம் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, மணிமுத்தாறு சாலையே போதும். லேசான கியர், பேசிக்கொண்டே மிதிக்கும் வேகம். (செயலியில் பழைய ரெக்கார்டைப் பார்க்காதீர்கள்!) மூட்டு வலித்தால் அன்றைக்கு அவ்வளவுதான். அணையிலிருந்து மலையைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். ஏற்றத்துக்கு மாசி வரட்டும்.