மூக்கைத் தூக்கிய ஹைலக்ஸ்

ஈப்போவில் கேட்டரிங் செய்யும் என் பெரியப்பா மகனுக்கு, ஹைலக்ஸ் வாங்கிய நாளிலிருந்து ஒரே குறை. முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் எழும்பி நிற்கிறதாம். "குனிஞ்சி சாமி கும்பிடுற மாதிரி இருக்கும்மா" என்பார்.

பிக்கப்பை அப்படிச் செய்வதே சுமைக்காகத்தான். பின்னால் பாரம் ஏறியதும் லீஃப் ஸ்பிரிங் அமுங்கி வண்டி சமமாகும். இதைச் சொன்னபோது அண்ணன் காதில் வாங்கவில்லை. யாரோ ஒரு நண்பரின் வண்டி நேராக, கம்பீரமாக நிற்பதைப் பார்த்துவிட்டார். ஒரு பட்டறையில் 'லெவலிங் கிட்' போட்டு முன்பக்கத்தை இரண்டரை அங்குலம் தூக்கிவிட்டார். ஒரே மதியத்தில் வேலை முடிந்தது. வாட்ஸ்அப்பில் பன்னிரண்டு படம் அனுப்பினார். உண்மையைச் சொன்னால், அழகாகத்தான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை தைப்பிங்கில் ஒரு கல்யாண விருந்து. இரவு பானைகளோடு திரும்பிக்கொண்டிருந்தோம். மெனோரா சுரங்கப்பாதைக்கு முன்னால் எனக்குப் பின்னால் ஒரு வண்டி. இரண்டு விளக்கும் நேராக என் கண்ணாடியில். 'ஹைபீம் போட்டுக்கிட்டு எவன்டா இவன்' என்று திட்டிக்கொண்டே இடப்பக்கம் ஒதுங்கினேன். கடந்து போனது எங்கள் அண்ணன். போன் போட்டுக் கேட்டால், லோபீம்தானாம். "ஸ்டியரிங் வேற லேசா மிதக்குதும்மா" என்றார். பக்கத்தில் அண்ணி, பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள்.

மறுநாள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். தரையிலிருந்து நான்கு மட்கார்டின் விளிம்பு வரை, முதலில் வெறும் வண்டியில், பிறகு வழக்கமான பானை, அடுப்பு, கேஸ் சிலிண்டர் எல்லாம் ஏற்றிவிட்டு. சுமையோடு பின்பக்கம் ஒன்றரை அங்குலம் இறங்கியது. வெறும் வண்டியைச் சமமாக்கியதால், சுமை ஏறியதும் மூக்கு ஒன்றரை அங்குலம் வானத்தைப் பார்த்தது. விளக்கும் கூடவே பார்க்காமல் என்ன செய்யும்? கிட் வாங்குவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய பத்து நிமிட வேலை இது.

இன்னொரு குழப்பமும் அன்றுதான் தெளிந்தது. முன்சக்கரத்தின் ஸ்பிரிங்கும் அப்சார்பரும் சேர்ந்த ஸ்டிரட்டின் தலையில் வைக்கும் வட்டமான துண்டுதான் ஸ்பேசர். ஸ்டிரட் கீழ்க் கையின் நடுப்பகுதியில் உட்காருவதால், அரை அங்குல ஸ்பேசர் வண்டியை ஏறக்குறைய ஒரு அங்குலம் தூக்கும். ஆகவே கடையில் "ஒரு அங்குலம்" என்றால், துண்டின் கனமா, வண்டி உயரும் அளவா என்று கேளுங்கள். அதிகம் தூக்கினால் மேல்பக்க பால் ஜாயின்ட்டும், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டும் செங்குத்தான கோணத்தில் வேலை செய்து சீக்கிரம் தேயும். முன்னால் கனமான புல் பார் போட்டு, அல்லது வயதாகி, ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஸ்பேசர் அதை மறைக்கும், குணமாக்காது. அதற்குப் புது ஸ்பிரிங்தான் வழி.

அண்ணன் வேறு பட்டறைக்குப் போனார். அங்கிருந்த பெரியவர் வண்டியைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "அலைன்மென்ட் பண்ணீங்களா?" பண்ணவில்லை. உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் திசையும் மாறும். அந்த மிதப்பு அங்கிருந்துதான். பழைய ஸ்பேசரைக் கழற்றி, ஒரு அங்குலம் மட்டும் தூக்கும் ஸ்பேசரைப் போட்டார். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் நின்று பாரம் ஏறிய பிறகே கடைசியாக முறுக்கினார்; தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழியுமாம். பிறகு அலைன்மென்ட், விளக்கு உயரம். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டைச் சரிபார்க்க வரச் சொன்னார். ஸ்டிரட்டைப் பிரிக்கும் வேலையை வீட்டில் முயல வேண்டாம் என்றும் எச்சரித்தார். அமுங்கிய ஸ்பிரிங் நழுவினால் ஆளையே கொல்லும்.

புதிய பிக்கப் வைத்திருப்பவர்கள், தானாக பிரேக் போடும் கேமராவையும் ரேடாரையும் மறுபடி சரிசெய்ய வேண்டுமா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். உத்தரவாதம், காப்புறுதி, ஜேபிஜே விதி மூன்றையும் காசு கொடுப்பதற்கு முன்பே விசாரித்துவிடுவது நல்லது. அண்ணன் கொடுத்த பிறகு விசாரித்தார்.

வெறும் வண்டியாக நிற்கும்போது ஹைலக்ஸ் இப்போதும் லேசாகக் குனிந்தே இருக்கிறது. போன வாரம் அந்த நண்பர் வந்து, "என்ன, பழையபடி ஆயிடுச்சே" என்று சிரித்திருக்கிறார்.

"சனிக்கிழமை பானை ஏத்தினதும் வந்து பாரு" என்றாராம் அண்ணன்.