அறுந்த வாருக்கும் ஒரு படிப்பு!

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறீர்கள். செருப்பு வார் பட்டென்று அறுந்துவிடுகிறது. உடனே கண் எதைத் தேடும்? ஒரு கிழிந்த குடை, கீழே ஒரு சாக்கு, அதன்மேல் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர். அவர் இருந்தால் ஐந்து நிமிடத்தில் நடையைக் கட்டலாம். இல்லாவிட்டால், காலை இழுத்துக்கொண்டே போய்ப் புதுச்செருப்புதான் வாங்க வேண்டும்.

அந்தப் பெரியவர் பக்கத்தில் தொழில் பழகும் பையன் யாராவது உட்கார்ந்திருக்கிறானா? பெரும்பாலும் இருக்க மாட்டான். ‘இந்தப் பாடு என்னோட போகட்டும், நீயாவது படிச்சு வேலைக்குப் போ’ என்று சொல்லி அனுப்பியிருப்பார். அந்த நினைப்பில் தப்பே இல்லை. ஆனால், அவர் கையோடு ஒரு வித்தையும் போய்விடுகிறதே, அதை என்ன செய்வது?

கமலை இறைத்த காலம்

கான்சாபுரம், வத்திராயிருப்புப் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டால் கமலையைப் பற்றிச் சொல்வார்கள். பம்புசெட் வருவதற்கு முன்னால், மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்த ஏற்பாடு அது. அதில் தண்ணீரை வாய்க்காலுக்குக் கொட்டும் நீளமான வால் தோலால் ஆனது. அது கிழிந்தால் அன்றைக்கு இறைப்பு நின்றது; பயிர் வாடியது. தோல் தைக்கத் தெரிந்தவர் வந்தால்தான் வயலுக்குத் தண்ணீர்.

இவ்வளவு அவசியமான வேலைக்குக் கிடைத்த கூலி, அறுவடையின்போது களத்தில் அளந்து போட்ட தானியம்தான். மரியாதை அதுவும் இல்லை. சில சாதிகளின் தலையில் மட்டும் இந்த வேலையைக் கட்டிவிட்டு, அதையே சொல்லி அவர்களை ஒதுக்கியும் வைத்தார்கள். இன்றைக்கு அந்த வீட்டுப் பிள்ளைகள் இந்த வேலையை விட்டு ஓடுவதற்குக் காரணம் தோல் அல்ல, அந்த அவமானம்.

இன்னொரு செய்தியும் உண்டு. 1900-களின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சேட்டர்டன் என்ற ஆங்கிலேயர் சென்னையில் குரோம் உப்பால் தோல் பதனிடுவதைச் சோதித்துப் பார்த்தார். எதற்காகத் தெரியுமா? தண்ணீரிலேயே ஊறிக் கிடக்கும் கமலைத் தோல் சீக்கிரம் வீணாகாமல் நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்பதற்காக! அதுவரை நம் ஊரில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் தோல் பதனிட உதவின.

விவசாயி மகன் படித்த படிப்பு

தோல் வேலை பரம்பரையாக வந்தால்தான் வரும் என்பதைப் பொய்யாக்கியவர் நாயுடம்மா. ஆந்திராவில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். தோல் தொழில்நுட்பம் படித்தார். சென்னை அடையாறில் 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1958-ல் இயக்குநரானார். 1985-ல் கனிஷ்கா விமானக் குண்டுவெடிப்பில் இறக்கும்வரை, தோல் என்றால் உலகம் திரும்பிப் பார்க்கும் பெயராக இருந்தார். படிப்பாக மாறிவிட்டால் எந்தத் தொழிலையும் யாரும் கற்கலாம் என்பதற்கு அவர் ஓர் அடையாளம்.

எங்கே கற்கலாம்?

அடையாறு நிறுவனம் ஆராய்ச்சியோடு நிற்பதில்லை. குறுகிய காலப் பயிற்சிகளும் தருகிறது. கிண்டியில் உள்ள மத்திய காலணிப் பயிற்சி நிறுவனம் 1957-லிருந்து இயங்குகிறது. இங்கே குறுகிய காலப் பயிற்சி முதல் இரண்டு ஆண்டு டிப்ளமோ வரை உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் எஃப்.டி.டி.ஐ. கல்லூரி இருக்கிறது. ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்னை!

இவற்றில் பெரும்பாலும் புதிதாகச் செய்வதைத்தான் சொல்லித் தருவார்கள். ஆனால், ஒரு பையை எப்படி வெட்டி, ஒட்டி, தைக்கிறார்கள் என்று தெரிந்தவருக்குத்தான் அதைச் சேதமில்லாமல் பிரித்து மறுபடி சேர்க்கத் தெரியும். பழுது பார்க்கும் படிப்புக்கும் அடிப்படை அதுதான். இங்கிலாந்தில் செருப்புத் தொழிலுக்குப் பேர்போன நார்தாம்ப்டனில், பழைய தோல் பொருள்களைப் பாதுகாப்பதற்கென்றே 1978-ல் ஒரு மையம் தொடங்கினார்கள்.

முதல் பாடம் என்ன?

ஊசியும் நூலும் பிறகுதான். கையில் இருப்பது தோலா, ரெக்சினா என்று கண்டுபிடிப்பதே முதல் பாடம். ஓரத்தைப் பார்த்தால் தெரியும். தோல் என்றால் நார் நாராக இருக்கும். ரெக்சின் என்றால் துணிமேல் பூசிய படலம். நான்கைந்து வருடத்தில் பொருக்குப் பொருக்காக உதிரும் பையை எந்தக் கைகாரராலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. அதை வாடிக்கையாளரிடம் முகத்துக்கு நேரே சொல்வதும் தொழில்தான்.

அடுத்தது அழுக்கெடுப்பது, வறண்ட தோலுக்கு எண்ணெய்ப்பசை ஏற்றுவது, கீறலை நிரப்புவது, நிறம் சேர்ப்பது. நிறம் சேர்ப்பதுதான் கண்டம்! ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். மறைவான ஒரு மூலையில் பூசிப் பார்க்காமல் முகப்பில் கை வைத்தால் பை போச்சு. கடைசியாக, ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து இரண்டு பக்கமிருந்தும் தைக்கும் கைத்தையல். ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை சட்டென்று பிரியாது. இதைத்தான் பஸ் ஸ்டாண்டுப் பெரியவர் எந்தச் சான்றிதழும் இல்லாமல் செய்துகொண்டிருக்கிறார்.

பணம் கட்டும் முன்...

ஒரு வாரப் பயிற்சியில் கை வராது, வழிதான் தெரியும். ஆகவே எங்கே சேர்வதாக இருந்தாலும் நான்கு கேள்வி கேளுங்கள். ஒருவருக்கு எத்தனை மணி நேரம் செய்முறை? பழைய, கிழிந்த பொருளைக் கையில் கொடுப்பார்களா, புதுத் தோல் துண்டு மட்டும்தானா? சான்றிதழ் யார் பெயரில்? பயிற்சி முடிந்தபின் சந்தேகம் கேட்டால் பதில் வருமா? பதில் மழுப்பலாக இருந்தால் பர்ஸைத் திறக்க வேண்டாம்.

தொழில் தொடங்கப் பணம் வேண்டுமா? தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் 2025-ல் தொடங்கியது. 25 வகைக் கைத்தொழில்களில் தோல் பொருளும் காலணியும் உண்டு. 35 வயது நிறைந்தவர்கள் 3 லட்சம் ரூபாய் வரை கடன் கேட்கலாம். 25 சதவிகிதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். விருதுநகர் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

மழையில் நனைந்த ஷூவை வெயிலிலோ அடுப்புப் பக்கத்திலோ வைக்காதீர்கள்; தோல் சுருங்கி வெடிக்கும். உள்ளே பழைய பேப்பரைத் திணித்து நிழலில் காயவிடுங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், துணிப்பை போதும். தேங்காய் எண்ணெயை அள்ளிப் பூசினால் நிறம் கறுத்துத் தூசி ஒட்டும். கிழிசலில் உடனடிப் பசையை ஊற்றாதீர்கள். அது கல்லாக இறுகி, அதற்குப் பக்கத்திலேயே மறுபடி கிழியும்.

கான்சாபுரத்திலோ கூமாப்பட்டியிலோ ஒரு பெண் இதைக் கற்றுக்கொண்டு, ‘இங்கு ஹேண்ட்பேக், ஷூ, பெல்ட் புதுப்பித்துத் தரப்படும்’ என்று போர்டு மாட்டினால், ‘நம்ம வீட்டுப் பொண்ணு செருப்புத் தைக்கவா?’ என்று முதலில் கேட்கும் குரல் வெளியிலிருந்து வராது, வீட்டுக்குள்ளிருந்துதான் வரும். துணி தைப்பதைக் கௌரவமாக நினைக்கும் வீட்டில் தோல் தைப்பது மட்டும் எப்படிக் குறைவாகும்?

அடுத்த முறை வார் அறுந்து அந்தச் சாக்கு விரிப்பின் முன் நிற்கும்போது, பேரம் பேசாமல் கேட்ட காசைக் கொடுங்கள். முடிந்தால், ‘இந்தத் தையலை எப்படிப் போடறீங்க ஐயா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கட்டணமே இல்லாத முதல் வகுப்பு அங்கேயே தொடங்கிவிடும்!