மலையேறும் கேமராவுக்கு ஆயுசு எத்தனை?

திருத்தணி மலைக்கு 365 படி. ஆடிக் கிருத்திகையன்று காவடிகளுக்கு இடையில் புகுந்து ஏறிப் படமெடுக்கும் அம்மையார்குப்பம் நண்பர்களுக்குத் தோள்வலியை நாம் விளக்க வேண்டியதில்லை. கேனானின் பழைய இ.எஃப் 70-200 எஃப்/2.8 இரண்டாம் பதிப்பு லென்ஸ் மட்டுமே ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் அதைவிடத் தொலைவை இழுக்கும் 40-150 எஃப்/2.8, ட்ரைபாட் வளையத்தைக் கழற்றினால் 760 கிராம்தான். சென்சாரின் பரப்பு ஃபுல் ஃபிரேமில் சுமார் கால் பங்கு என்பதால் லென்ஸும் சுருங்குகிறது. அந்தச் சுருக்கத்துக்கு விலை உண்டு. ஐஎஸ்ஓ ஏற ஏறப் புள்ளி சீக்கிரம் தெரியும், பின்னணியும் அதே அளவு கரையாது. அம்மையார்குப்பத்தின் தறி வீட்டையே எடுத்துக்கொள்வோம். ஒற்றைச் சன்னல் வெளிச்சத்தில் பாவு நூல் அசையாமல் கிடக்கும். பாடிக்குள்ளேயே இருக்கும் ஸ்டெபிலைசேஷனை நம்பி அரை வினாடி வரைகூடக் கையில் பிடித்து எடுக்கலாம். ஆனால் ஓடும் நாடாவையும் அதை இழுக்கும் கையையும் எந்த ஸ்டெபிலைசேஷனும் நிறுத்தாது. அங்கே பெரிய சென்சாருக்குத்தான் வெற்றி, அதை ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கமில்லை.

"நாளைக்குக் கம்பெனியே இருக்காது, அதில் ஏன் காசு போடுவது?" என்ற கேள்விதான் கனமானது. ஒலிம்பஸின் கேமராப் பிரிவு 2021 ஜனவரியில் கைமாறியபோது பலர் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் மவுண்டுக்குக் காரியமே செய்துவிட்டார்கள். ஆனால் 2022இல் ஓஎம்-1, 2023இல் பானசோனிக்கின் ஜி9 இரண்டாம் பதிப்பு, 2025இல் ஓஎம்-3 என்று பாடிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. 2011இல் வந்த நிகான் 1 ஏழே ஆண்டில் நின்றது. கேனானின் இஓஎஸ் எம்மும் போய்விட்டது. ஒவ்வொன்றும் ஒரே ஒரு கம்பெனியை நம்பிய மவுண்ட், அந்தக் கம்பெனி கைவிட்டதும் லென்ஸ்கள் அநாதையாயின. 2008இல் ஒலிம்பஸும் பானசோனிக்கும் சேர்ந்து அறிவித்த இந்த மவுண்டிலோ ஒருவர் லென்ஸ் மற்றவர் பாடியில் பொருந்தும். பானசோனிக்குக்கு இப்போது ஃபுல் ஃபிரேமிலும் ஒரு கால் இருக்கிறது என்பது உண்மை, அந்தக் கவலை நியாயமானது. இருந்தும் ஒருவர் விலகினாலும் கையிலுள்ள லென்ஸுக்கு இன்னொரு பாடி கிடைக்கும் வாய்ப்பு, மற்ற சிறிய மவுண்டுகளுக்கு இல்லாத காப்பு.

நம்மைப் பொறுத்தவரை ஆபத்து ஜப்பானில் இல்லை, ரிப்பேரில் இருக்கிறது. எனவே கல்யாணத்துக்குச் சோறு போடும் ஃபுல் ஃபிரேமை விற்காதீர்கள். மலைக்கும் திருவிழாவுக்கும் பயணத்துக்கும் ஒரு பழைய பாடி, இரண்டு லென்ஸ் போதும். வாங்குமுன் கடைக்காரரிடம் ஒன்றைக் கேளுங்கள்: லென்ஸ் பழுதானால் எந்த ஊருக்கு அனுப்புவீர்கள், எத்தனை வாரத்தில் திரும்பும்? தையில் கொடுத்தது பங்குனி முகூர்த்தத்துக்குள் வராது என்றால் இந்த வருடம் வாங்க வேண்டாம்.